ஆபீஸ் இழுப்பறையில் ஒளிந்திருக்கும் மாத்திரை

கேள்வி: வயது 31. சிங்கப்பூரில், செங்காங்கில் மாமியாரோடு இருக்கிறோம். 12ஆம் வார ஸ்கேனில் குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை என்றார்கள். கருவைக் கலைக்க வேண்டியதாயிற்று. 9ஆம் வாரத்தில், கிரகணத்தன்று நான் துணி காயப்போட்டதுதான் காரணம் என்கிறார் அத்தை. எனக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை உண்டு. அத்தைக்குத் தெரியாது என்பதால் மெட்ஃபார்மினை ஆபீஸில் வைத்துச் சாப்பிடுகிறேன். கணவருக்குத் தெரியும். மறுபடி முயலலாமா? அத்தையை எப்படிச் சமாளிப்பது?

பதில்: கருவின் முதுகுப் பக்கம் தட்டையாக இருக்கும் ஒரு தகடு, இரு ஓரமும் மேலெழுந்து நடுவில் ஒட்டிக் குழாயாகிறது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான் வருகின்றன. கரு உண்டான 22ஆம் நாள் வாக்கில் மூட ஆரம்பித்து, தலைப்பக்கம் 25ஆம் நாளிலும் வால்பக்கம் 28ஆம் நாளிலும் முடிந்துவிடும். தலைப்பக்கம் திறந்தே நின்றுவிட்டால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். ஸ்கேன் கணக்கு கடைசி மாதவிடாயிலிருந்து ஓடுவது; அதன்படி குழாய் மூடி முடிவது 6ஆம் வாரம். நீங்கள் மூங்கில் கழியில் துணி மாட்டியபோது எல்லாம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

கிரகணத்தைப் பெரிதாக எழுதிவிட்டு, மாத்திரையை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே! ஆபீஸில் வைத்துச் சாப்பிட்டால் சனி, ஞாயிறு என்ன செய்தீர்கள்? அதுவே ஆண்டுக்கு 104 நாள். பொது விடுமுறையும் எம்சியும் (மருத்துவ விடுப்பு) தனி. தாய்க்குச் சர்க்கரை ஏறினால் கருவுக்கும் ஏறும். எலிக் கருக்களில், குழாய் மூடுவதற்கு வேண்டிய பாக்ஸ்3 என்ற மரபணு அந்நிலையில் குன்றிப்போவதைக் கண்டிருக்கிறார்கள். இதயம் உருவாவதும் அதே வாரங்களில்தான்; அங்கும் கோளாறு கூடும். உங்களுக்கு நடந்தது இதனால்தான் என்று எந்த டாக்டரும் சத்தியம் செய்யமாட்டார். அதற்காக இழுப்பறையைப் பூட்டியே வைப்பீர்களா?

உங்கள் கணவர்மேல்தான் எனக்குக் கூடுதல் கோபம். அம்மா கிரகணம், துணி என்று மருமகளைக் குத்திக்காட்டும்போது, விஷயம் தெரிந்த மனுஷன் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறார். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற வீட்டில் சர்க்கரையை மறைத்தால், அத்தை நீட்டும் பாயசத்துக்கு என்ன சாக்குச் சொல்வீர்கள்? அம்மாவிடம் சொல்ல வேண்டியது மகன். அதை உங்கள் தலையில் கட்டக் கூடாது. இந்த வாரமே சொல்லட்டும்.

பிறகு இருவருமாகப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, பாருங்கள். 6.5 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். 10க்கு மேல் என்றால் கர்ப்பப் பேச்சே கூடாது. மெட்ஃபார்மின் போதாதென்று இன்சுலின் எழுதினால் முகம் சுளிக்காதீர்கள். கொலஸ்ட்ரால், ரத்த அழுத்த மாத்திரைகள் இருந்தால் காட்டுங்கள்; சில கருவுக்கு ஆகாது.

ஃபோலிக் ஆசிட்: கடையில் கிடைக்கும் 400 மைக்ரோகிராம் உங்களுக்குப் போதாது. டாக்டர் சீட்டோடு தினம் 5 மில்லிகிராம், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி 12ஆம் வாரம் வரை. கிட்டில் இரண்டு கோடு பார்த்தபின் வாங்க ஓடினால், குழாய் பாதி மூடியிருக்கலாம். ஏற்கெனவே இப்படி ஒரு கரு உண்டான தாய்மாருக்கு 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது; முடிவு 1991இல் வெளியானது.

எச்பிஏ1சி இறங்கி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை கருத்தடையை நிறுத்த வேண்டாம்.