சுகர் இல்லை, ஆனால் தாகம் அடங்கவில்லை

கேள்வி: எனக்கு 31 வயது. சில மாதங்களாக மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கிறேன், ராத்திரியிலும் நாலைந்து தடவை எழுகிறேன். ஃபிரிட்ஜ் தண்ணீர் குடித்தால்தான் தாகம் கொஞ்சம் அடங்குகிறது. இரண்டு லேபில் சுகர் பார்த்துவிட்டேன், நார்மல். யூரின் டெஸ்ட்டும் நார்மல் (ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன்). தண்ணீரைக் குறைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். போன வருடம் பைக் விபத்தில் தலையில் அடிபட்டது, இப்போது நன்றாக இருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில், தண்ணீரைக் குறைக்காதீர்கள். வீட்டில் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், ஆனால் நீங்கள் நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறதா, இல்லை சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விட்டுவிடுவதால் இவ்வளவு தாகம் எடுக்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லை. இரண்டாவதுதான் என்றால், நீங்கள் குடிக்காமல் இருந்தாலும் சிறுநீர் போய்க்கொண்டேதான் இருக்கும், ரத்தத்தில் சோடியம் ஏறி மூளையைப் பாதிக்கும்.

அப்புறம், அளந்து பாருங்கள். அடிக்கடி போவது வேறு, அதிகமாகப் போவது வேறு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சமே கொஞ்சம் வந்தால் அது பெரும்பாலும் சிறுநீர்ப்பைக் கோளாறு அல்லது கிருமித் தொற்று, அந்தப் பாதையே வேறு. ஒரு லிட்டர் அளவு ஜாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரை விட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு போவதையெல்லாம், மறுநாள் காலையில் எழுந்ததும் போவது உட்பட, அளந்து மணியோடு எழுதி வையுங்கள். குடிக்கிற தண்ணீரையும் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 3 லிட்டருக்கு மேல் போனால் அது உண்மையிலேயே அதிகம்தான்.

சுகரைப் பற்றி இனிக் கவலை வேண்டாம். சர்க்கரை ரத்தத்தில் 180-ஐ ஒட்டி ஏறிய பிறகுதான் பொதுவாக சிறுநீரில் இறங்கி, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உங்கள் சிறுநீரில் சர்க்கரையே இல்லை.

ஆனால் அந்த யூரின் ரிப்போர்ட்டை நார்மல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. புரதம் இல்லை, கிருமி இல்லை, சரி. 'ஸ்பெசிஃபிக் கிராவிட்டி' என்ற வரியைப் பாருங்கள், 1.002 என்று இருக்கிறது. கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுபவரின் காலைச் சிறுநீர் நன்றாக மஞ்சளாக, அடர்த்தியாக இருக்கும், அந்த எண்ணும் 1.020 பக்கம் நிற்கும். நிறையத் தண்ணீர் குடிப்பவர்களுக்கும் இப்படிக் குறையலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன்.

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த பைக் விபத்து, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சிறுநீரகத்திடம் 'தண்ணீரைச் சேமி' என்று சொல்கிற வாசோப்ரெசின் ஹார்மோன் மூளையின் ஹைபோதலாமஸில் உருவாகி, மெல்லிய காம்பு வழியாக பிட்யூட்டரி சுரப்பிக்கு வந்துதான் ரத்தத்தில் கலக்கிறது. தலையில் பலமாக அடிபடும்போது அந்தக் காம்பு பாதிக்கப்படலாம். ஹார்மோன் குறைந்தால் வருவதுதான் டயாபடிஸ் இன்சிபிடஸ். சர்க்கரை நோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தாகம் எப்போது ஆரம்பித்தது என்று நீங்கள் எழுதவில்லை, நன்றாக யோசித்துப் பாருங்கள். விபத்தை ஒட்டி, திடீரென்று பிடித்துக்கொண்டதா? ஐஸ் தண்ணீர்தான் வேண்டும் என்று தோன்றுவதும் இந்த நோயில் நிறையப் பேர் சொல்வது.

மனநலத்துக்கு லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்கும், ரத்தத்தில் கால்சியம் கூடினாலும் பொட்டாசியம் குறைந்தாலும், ஹார்மோன் இருந்தும் சிறுநீரகம் அதற்குக் கட்டுப்படாமல் போகலாம். அதனால் நீங்கள் எடுக்கிற மாத்திரை எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பார்க்க வேண்டியது எண்டோகிரைனாலஜிஸ்டை, அதாவது ஹார்மோன் டாக்டரை. விபத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், நீங்கள் எழுதிய அளவு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். சோடியம், கால்சியம், பொட்டாசியம், கிரியாட்டினின், ரத்தம் சிறுநீர் இரண்டின் ஆஸ்மோலாலிட்டி (எவ்வளவு அடர்த்தி என்ற அளவு), இவற்றை முதலில் எடுப்பார்கள். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் வைத்து, சில மணி நேரம் தண்ணீர் தராமல், எடையையும் சிறுநீரையும் சோடியத்தையும் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் வாசோப்ரெசினைப் போலவே வேலை செய்கிற டெஸ்மோப்ரெசின் மருந்து கொடுப்பார்கள். மருந்துக்குப் பிறகு சிறுநீர் அடர்த்தியானால் குறை ஹார்மோனில், அப்போதும் மாறாவிட்டால் குறை சிறுநீரகத்தில், மருந்துக்கு முன்பே தானாக அடர்த்தியாகிவிட்டால் அது நிறையத் தண்ணீர் குடிக்கும் பழக்கத்தால் வந்தது. இந்தச் சோதனையை யூடியூப் பார்த்து வீட்டில் செய்துவிடாதீர்கள், நிஜமாகவே ஆபத்து. ஹார்மோன் குறைவு என்று உறுதியானால் பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், மற்ற ஹார்மோன்களையும் பார்ப்பார்கள்.

சிகிச்சை இருக்கிறது. டெஸ்மோப்ரெசின் மாத்திரையாகவும் மூக்கு ஸ்பிரேயாகவும் வருகிறது, சரியான டோஸ் அமைந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள். பழக்கத்தால் நிறையத் தண்ணீர் குடிப்பவர் அதைப் போட்டால் சோடியம் ஒரேயடியாக இறங்கி வலிப்பு வரை போகலாம்.

டாக்டரைப் பார்ப்பதற்குள் வாந்தி வந்து தண்ணீர் உள்ளே தங்காவிட்டாலோ, தலை குழம்பினாலோ, எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலோ, காத்திருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போய், அங்கே சோடியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் இதை இன்றே சொல்லி வையுங்கள்.