ஊருக்குள் 30 கிலோமீட்டர் வேகம்: யாரிடம், எப்படிக் கேட்பது?

கேள்வி: எங்கள் ஊரின் நடுவே செல்லும் மாவட்ட முக்கியச் சாலையை அகலப்படுத்திப் புதிதாகத் தார் போட்டதிலிருந்து, பேருந்துகளும் குவாரி டிப்பர்களும் கண்மண் தெரியாத வேகத்தில் போகின்றன. ஒரு பக்கம் தொடக்கப் பள்ளி, மறுபக்கம் ரேஷன் கடை. வேகத்தடை கேட்டு மனுக் கொடுத்தோம். முக்கியச் சாலையில் அதற்கு விதி இடம் தரவில்லை என்று பதில் வந்துவிட்டது. இனி என்ன செய்வது? (தென் மாவட்ட வாசகர் ஒருவர்)

பதில்: வெளியூர்ப் போக்குவரத்து மிகுந்த சாலைகளில் வேகத்தடை அமைப்பதை நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள், அதனால் உங்களுக்கு வந்த பதிலில் வியப்பில்லை. நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது சட்டப்படி அறிவிக்கப்பட்ட வேக வரம்பு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 112-ஆவது பிரிவின்படி, பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ சாலையின் தன்மை காரணமாகவோ ஒரு குறிப்பிட்ட சாலையிலோ அதன் ஒரு பகுதியிலோ வேகத்தைக் குறைத்து நிர்ணயிக்க மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் அளித்த அலுவலருக்கும் உரிமை உண்டு. அதை அரசிதழில் அறிவிக்க வேண்டும். சாலையில் பலகையும் வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிப்புத் தேவையில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. பலருக்கும் தெரியாத இந்த விலக்கைப் பயன்படுத்தி, ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வேளையில் ஒரு மாதச் சோதனையாக நடத்திப் பார்க்கும்படி நீங்கள் கேட்கலாம்.

எந்த வேகத்தைக் கேட்பது என்பதில் தயங்க வேண்டாம். 30 என்றே கேளுங்கள். ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், உலர்ந்த சாலையில், ஏறத்தாழ 13 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு வினாடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடுகிறது. அதாவது, முதல் கார் நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் சற்றும் வேகம் குறையாமல் கடக்கிறது. அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மனிதர்களும் வாகனங்களும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கி.மீ. உச்ச வரம்பு வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்காக 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு பிரகடனம் செய்தது. 2023 நவம்பரில் சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல் துறையும் குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 கி.மீ. என்று வரம்பு விதித்தது. சென்னையின் குடியிருப்புத் தெருவுக்குப் பொருந்துவது, வாசலிலேயே சாலை ஓடும் உங்கள் ஊருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்று மனுவில் தயங்காமல் எழுதுங்கள்.

ஆனால் 'மிக வேகமாகப் போகின்றன' என்ற வாசகத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் கோப்பை நகர்த்த மாட்டார். அளவு வேண்டும். அதை எடுப்பது எளிது. சாலையோரத்தில் நாடாவால் 100 மீட்டரை அளந்து, இரு முனைகளிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஓட்டுநர் கண்ணில் படாத திண்ணையிலோ மாடியிலோ ஒருவர் அமர்ந்து, வண்டி முதல் கோட்டைத் தொடும்போது கைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டு, இரண்டாவது கோட்டில் நிறுத்த வேண்டும். 360-ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் வேகம் கிடைக்கும்: 12 வினாடி என்றால் 30 கி.மீ., 6 வினாடி என்றால் 60 கி.மீ. முன்னால் வேறு வண்டியோ மாடோ மறிக்காத வாகனங்களை மட்டும் கணக்கில் எடுங்கள். பள்ளி தொடங்கும் நேரம், விடும் நேரம், இரவு எட்டு மணிக்கு மேல் என்று பிரித்து, பேருந்து, டிப்பர், கார், இரு சக்கர வாகனம் என வகை குறித்து எழுதுங்கள். நூறு வாகனங்களின் வேகத்தைக் குறைந்ததிலிருந்து அடுக்கி, 85-ஆவதாக வரும் எண்ணைத் தனியே காட்டுங்கள்; போக்குவரத்துப் பொறியாளர்கள் முதலில் தேடும் எண் அதுதான்.

விபத்துக் கணக்கும் இதே அளவு முக்கியம். கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்தச் சாலைப் பகுதியில் பதிவான விபத்துகளின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டால், 30 நாட்களுக்குள் பதில் தரக் காவல் துறை கடமைப்பட்டது. முதல் தகவல் அறிக்கை வரை போகாமல் ஊரிலேயே பேசி முடித்த விபத்துகள் அதில் இருக்காது. தேதி, இடம், காயம் ஆகியவற்றுடன் அவற்றை ஊராட்சி சார்பில் தனியே தொகுத்துவிடுங்கள்.

இவற்றைக் கொண்டு கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று சபை கூடும் நாட்கள் உங்களுக்குத் தெரிந்தவையே. தீர்மானத்தில் இடத்தைக் கிலோமீட்டர் கல்லின்படி, உதாரணமாக 'கி.மீ. 14/2 முதல் 15/0 வரை' (14 கி.மீ. 200 மீட்டரிலிருந்து 15 கி.மீ. வரை) என்று, எழுத வேண்டும். 'எங்கள் ஊர்ப் பகுதி' என்று எழுதினால் கடிதம் அலுவலகம் அலுவலகமாக அலையும். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு மனுவை முகவரியிட்டு, காவல் கண்காணிப்பாளர், நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஆகியோருக்குப் படி அனுப்புங்கள். குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாகச் சேர்க்கும்படி வெளிப்படையாகக் கேளுங்கள்.

பலகை மட்டும் வேகத்தைக் குறைத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நேராக, அகலமாக, வழவழப்பாக இருக்கும் சாலை ஓட்டுநரின் காலை ஆக்சிலேட்டரில் அழுத்தவே வைக்கும். ஆகவே ஊரின் இரு எல்லைகளிலும் ஊர்ப் பெயருடன் வேக வரம்புப் பலகை, ஓரக் கோடுகளை உள்ளே தள்ளி ஓடுபாதையைக் குறுக்குதல், பள்ளி வாசலில் நடந்து செல்வோர் சாலையைக் கடக்க மேடான பாதை ஆகியவற்றைச் சேர்த்தே கேளுங்கள். கடகடவென அதிரும் பட்டைக் கோடுகளை வீடுகளை ஒட்டிப் போடச் சம்மதிக்காதீர்கள். இரவெல்லாம் தூங்க முடியாது. ஊராரே மண்ணும் ஜல்லியும் கொட்டி மேடு போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டு நெறி, 3.7 மீட்டர் நீளத்துக்கு 10 சென்டிமீட்டர் உயரம் என்ற மென்மையான வளைவைத்தான் வேகத்தடை என்கிறது. அளவில்லாத, வண்ணம் பூசாத மேட்டில் இரவில் தூக்கியெறியப்படுவது பெரும்பாலும் இரு சக்கர வாகனத்தின் பின்னால் அமர்ந்த பெண்தான்.

எதிர்ப்பு வரும், டிப்பர் உரிமையாளர்களிடமிருந்து மட்டுமல்ல, உங்கள் ஊர் இளைஞர்களிடமிருந்தும் வரும். வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளின் வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தபோது, அதற்கு எதிரான மனுவில் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். முன்கூட்டியே பேசுவது நல்லது. 800 மீட்டர் நீளமுள்ள ஊரை 60 கி.மீ. வேகத்தில் கடக்க 48 வினாடி, 30 கி.மீ. வேகத்தில் 96 வினாடி. கேட்பது 48 வினாடிதான் என்று பேருந்துப் பணிமனை மேலாளரிடமும் குவாரிக்காரர்களிடமும் எண்ணாகவே சொல்லுங்கள்.

வரம்பு அறிவிக்கப்பட்ட பின் அரசிதழ் அறிவிப்பின் நகலைக் கேட்டு வாங்கி ஊராட்சி அலுவலகத்தில் வைத்திருங்கள். சிவப்பு வட்டத்துக்குள் எண் எழுதிய பலகையே கட்டளைப் பலகை. 'பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்லவும்' என்ற முக்கோணப் பலகை எச்சரிக்கை மட்டுமே, அதை வைத்து அபராதம் போட முடியாது. வரம்பை மீறும் இலகுரக வாகனத்துக்கு 183-ஆவது பிரிவின்படி 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மூன்று மாதம் கழித்து அதே கோடுகளில், அதே நேரங்களில் மறுபடி அளந்து, இரண்டு பட்டியல்களையும் குழுவுக்கு அனுப்புங்கள். 85-ஆவது எண் இறங்காவிட்டால், ஓடுபாதையைக் குறுக்கும் பணியை விரைவுபடுத்தக் கேட்பதற்கு அதுவே உங்கள் ஆதாரம்.