டாக்டரம்மா பதில்கள்: டீயோடு போகிற மாத்திரை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சொல் இருந்தது: 'ஹார்மோன் கோளாறு'. கோத்தகிரியில் முப்பது வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். இந்தச் சொல்லோடு யார் வந்து உட்கார்ந்தாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த ஹார்மோன்? சோர்வு, எடை, முடி உதிர்வது, கோபம், தூக்கமின்மை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டால், பிறகு அந்தப் பைக்கு மருந்து விற்கிறவர்கள்தான் வருவார்கள். பெயர் தெரிந்தால் பரிசோதனை உண்டு, பெரும்பாலும் வைத்தியமும் உண்டு. நான்கு கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 38 வயது. எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். எடை 60 கிலோ. இரண்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். 50-இல் ஆரம்பித்து, 75 ஆகி, இப்போது 100. அப்படியும் டி.எஸ்.எச். 14 இருக்கிறது என்கிறார்கள். அசதி போகவில்லை, குளிர் தாங்கவில்லை, சீப்பில் முடி கொத்தாக வருகிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து டீ குடிக்கும்போதே இந்த மாத்திரையையும், ரத்தம் குறைவு என்று கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் போட்டுக்கொள்கிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. ஏன் குறையவில்லை?
— வாசகி, கட்டபெட்டு

பதில்: ஒரு நாளும் விட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே தங்கச்சி, அதை நான் அப்படியே நம்புகிறேன். இரண்டு வருடமாக உங்களிடம் 'மாத்திரையை ஒழுங்காகப் போடு' என்று சொன்னவர்கள் யாராவது, எதோடு போடுகிறாய் என்று ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும்.

முதலில் அந்த 14 என்ன என்று சொல்கிறேன். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியில் ஊறுவதில்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவு இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அதை அனுப்புகிறது. உங்களுக்குத் தெரிந்த மாதிரி சொன்னால், அது மேஸ்திரியின் குரல். கொழுந்து எடை குறைந்தால் மேஸ்திரி சத்தம் கூடும். எடை சரியாக இருந்தால் அவர் பேசாமல் போய்விடுவார். தைராய்டு ஹார்மோன் உடம்பில் குறையக் குறைய டி.எஸ்.எச். ஏறும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 4 வரை இருப்பது வழக்கம் (லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்). உங்கள் மேஸ்திரி இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார். அதாவது, நீங்கள் விழுங்குகிற 100 மைக்ரோகிராம் ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை.

சுரப்பி முழுவதுமே வேலையை நிறுத்திவிட்டால்கூட, கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம்தான் கணக்கு. 60 கிலோ எடைக்குச் சுமார் 100. அதனால் மாத்திரை போதவில்லை என்பதைவிட வழியில் தடை இருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். டீயும் பாலும் இந்த மருந்து குடலில் ஏறுவதைக் குறைக்கும். இரும்புச்சத்து அதைவிடக் கெட்டிக்காரன், மருந்தைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரையும் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரி மருந்தும் அப்படித்தான்.

இப்படிச் செய்யுங்கள். ஐந்து மணிக்கு எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. அப்புறம் அடுப்பு பற்ற வைத்து, சோறு வடித்து, பிள்ளைகளை எழுப்பி, டப்பா கட்டி முடியுங்கள். ஆறு மணிக்கு டீ. ஒரு மணி நேரம் முடியாது என்றால் அரை மணி நேரமாவது வேண்டும். மலையில் விடிகாலைக் குளிரில் டீ இல்லாமல் கை விறைக்கும் என்பது எனக்குத் தெரியும், சுடுதண்ணீர் குடித்துக்கொள்ளலாம். இரும்பு மாத்திரை மதியம், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டு மாத்திரைக்கும் நடுவில் நான்கு மணி நேரம் வேண்டும். இரும்பு மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்கு டீ வேண்டாம், ஏனென்றால் டீ இரும்பையும் ஏறவிடாது. காலையில் இதெல்லாம் சரிப்படவே இல்லையென்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது தைராய்டு மாத்திரையைப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவும் நன்றாகவே வேலை செய்யும். மாத்திரை டப்பாவை அடுப்பு மேட்டில் வைக்காதீர்கள். லைன் வீடுகளில் அங்கேதான் வைப்பார்கள், ஈரம் பிடிக்காது என்று. சூடு மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும்.

இனிமேல் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். மாத்திரை ஒழுங்காக ஏற ஆரம்பித்ததும், இதே 100 உங்களுக்கு அதிகமாகிவிடலாம். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எடை மளமளவென்று இறங்குவது, தூக்கம் வராதது இதற்கெல்லாம் அறிகுறி. அப்படி வந்தால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். எதுவும் வராவிட்டாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். இந்த மருந்து பாதியாகக் கரையவே ஏழு நாள் ஆகும். அதனால் இரண்டு வாரத்தில் பார்த்தால் கணக்கு தப்பும். டாக்டரிடம் போகும்போது, இதுவரை டீயோடுதான் போட்டேன் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா? தைராய்டு குறைந்தால் அதுவும் கூடும். ரத்தம் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். போகிற ரத்தத்தை நிறுத்தாமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படிச் சரியாகும்? அடுத்த பிள்ளைக்கு எண்ணம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் இந்த மருந்து கூடுதலாகத் தேவைப்படும், நாள் தள்ளிப்போன அந்த வாரத்திலேயே.

கேள்வி: நாங்கள் முட்டைக்கோஸும் நூக்கலும் போடுகிற குடும்பம். தைராய்டு உள்ளவர்கள் இரண்டையும் தொடவே கூடாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து என் மனைவி சமைப்பதே இல்லை. உண்மையா?
— வாசகர், கேத்தி

பதில்: வேகவைத்து, வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுகிற அளவு சாப்பிடலாம். அயோடின் போதுமான அளவு கிடைக்கிறவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. பச்சையாகக் கிண்ணம் கிண்ணமாக அரைத்துக் குடிப்பதுதான் வேண்டாம்.

எனக்குக் கவலை உங்கள் முட்டைக்கோஸ் பற்றியில்லை, உப்பு ஜாடி பற்றி. என் பாட்டிக்குக் கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கழலை இருந்தது; அயோடின் குறைந்து தைராய்டு சுரப்பி வீங்குவதுதான் அது. மலைச்சரிவில் மழை மண்ணிலிருந்து அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த மண்ணில் விளைகிற காயிலும் அது குறைவு. இமயமலை அடிவாரத்தில், காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் அயோடின் உப்பு கொடுத்துப் பார்த்தார்கள், கழலை குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்ற தடை 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு வந்த ஒன்றை, இப்போது இந்துப்பு நல்லது, கல்லுப்பு நல்லது என்று நாமே விட்டுவிடுகிறோம். இந்துப்பில் சொல்லிக்கொள்கிற அளவு அயோடின் இல்லை. கல்லுப்பு வாங்கினால் பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், கர்ப்பிணிக்கு 250. ஜாடியை மூடி வையுங்கள். அதற்காக உப்பைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி: வயது 44. மஞ்சூர் பக்கம் டீ ஃபேக்டரியில் பத்து வருடமாக நைட் ஷிஃப்ட். தொப்பை வந்துவிட்டது, எப்போதும் களைப்பு, மனைவியிடம் நாட்டம் குறைந்துவிட்டது. இரவில் ஆறு டீ, கூட வர்க்கி. பகலில் நான்கைந்து மணி நேரம்தான் தூக்கம். குறட்டை பலமாக விடுகிறேனாம். ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகும் என்று ஜிம்மில் ஒருவர் சொல்கிறார். போடலாமா?
— பெயர் வேண்டாம்

பதில்: போட வேண்டாம் தம்பி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திவிடும், விந்தணுவும் குறைந்துபோகும். தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக்கூட, தூங்கி எழுந்த காலைநேரத்தில், இரண்டு தனித்தனி நாட்களில் ரத்தம் பார்த்து, இரண்டிலும் குறைவு என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சு. நீங்கள் நைட் முடித்துவிட்டு நேராக லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. லீவு நாட்களில் ஒழுங்காகத் தூங்கி எழுந்து போங்கள்.

ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்தார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது. உங்களுக்குப் பத்து வருடம். விழித்திருக்கச் சொல்கிற கார்ட்டிசால் வழக்கமாக விடிகாலையில் ஏறும், நீங்கள் படுக்கப் போகிற நேரத்தில். நடு இரவில் இன்சுலினும் பகல் அளவுக்கு வேலை செய்யாது. அந்த நேரத்தில் ஆறு டீக்கு இரண்டிரண்டு ஸ்பூன் என்றால் ஏறக்குறைய ஐம்பது கிராம் சர்க்கரை, வர்க்கி தனி.

முதலில் மூன்று மாத சராசரி சர்க்கரை, ரத்த அழுத்தம், டி.எஸ்.எச். பாருங்கள். நாட்டம் குறைவதற்குச் சர்க்கரை ஒரு பெரிய காரணம். குறட்டையைத் தனியாகச் சொல்லிக் காட்டுங்கள்; தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் எத்தனை மணி நேரம் படுத்தாலும் களைப்புப் போகாது. கடைசி டீ படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால், அதுவும் சர்க்கரை இல்லாமல். ஜன்னலுக்குக் கம்பளி கட்டி அறையை இருட்டாக்குங்கள். மாதத்தில் பாதியாவது பகல் ஷிஃப்ட் கேட்டுப் பாருங்கள். கிடைப்பது கஷ்டம் என்று தெரிந்தும் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு மாத்திரை என்னிடம் இல்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு 49 வயது. டிசம்பர் மாதத்தில், நாங்கள் இரண்டு கம்பளி போட்டுக்கொண்டு நடுங்கும்போது, அம்மா நடுராத்திரி எழுந்து ஜன்னலைத் திறக்கிறார். நைட்டி வேர்வையில் நனைந்திருக்கிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறார், பிறகு அழுகிறார். மாதவிடாய் ஏழு மாதமாக இல்லை. காற்றுக் கருப்பு அடித்திருக்கிறது என்று அத்தை மந்திரிக்கக் கூட்டிப் போனார். எனக்குப் பயமாக இருக்கிறது.
— மகள், அரவேணு

பதில்: பயப்படாதே மகளே. இந்த ஹார்மோனுக்குப் பெயர் ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நிற்கிற காலத்தில் அது ஏறி இறங்கி, கடைசியில் குறைந்துவிடும். மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கிற இடத்துக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பொறுமை போய்விடுகிறது. துளி சூடு கூடினாலும் உடம்பு கொதிக்கிறது என்று எடுத்துக்கொண்டு வேர்வையைத் திறந்துவிடும். வெளியே ஐந்து டிகிரி குளிர் இருந்தாலும் அப்படித்தான். சில நிமிடங்களில் அடங்கும். ஆனால் ஒரு இரவில் நான்கைந்து தடவை வந்தால் தூக்கம் எங்கே? தூங்காத மனுஷி கத்தாமல் என்ன செய்வார்?

என் அம்மா இப்படித்தான் மார்கழியில், பனி கொட்டும்போது, சால்வை இல்லாமல் வாசற்படியில் போய் உட்கார்ந்திருப்பார். 'கோபக்காரி' என்றார் அப்பா. நான் அப்போது மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடம். விடுமுறைக்கு வந்தவள், அந்தப் பாடத்தை உள்ளறையில் விளக்கு வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. இன்றுவரை எனக்கு அது மனதை உறுத்துகிறது. நீ கவனித்து எழுதியிருக்கிறாய்.

அம்மாவை ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போ. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வேர்க்கும், படபடக்கும், அதனால் டி.எஸ்.எச். ஒரு முறை பார்த்துவிட வேண்டும். மாலையில் காய்ச்சல், எடை இறங்குவது, விடாத இருமல் இருந்தால் அதையும் சொல், ராத்திரி வேர்வைக்கு வேறு காரணமும் உண்டு. தாங்க முடியாத அளவு இருந்தால் ஹார்மோன் மருந்தே இருக்கிறது. அறுபது வயதுக்கு முன்னால், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் நன்மைதான் அதிகம். கர்ப்பப்பை உள்ளவர்களுக்குக் கூடவே புரோஜெஸ்டிரோனும் கொடுப்பார்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. எலும்பு தேயத் தொடங்குகிற வயதும் இதுதான். ராகியும் தயிரும் கொஞ்சம் வெயிலும் வேண்டும். கோத்தகிரி மூட்டத்தில் வெயில் கிடைக்கிற நாளை விடாதீர்கள்.

பன்னிரண்டு மாதம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அத்தைக்கும் இதைச் சொல்.

இந்த வேர்வை இரண்டு வருடம் இருக்கலாம், பலருக்கு ஏழு வருடம்கூட இருக்கும். அம்மாவுக்குப் பருத்தி நைட்டி இரண்டு தலைமாட்டில் மடித்து வை. கனமான ஒரு கம்பளிக்குப் பதில் மெல்லிய போர்வைகள் இரண்டு மூன்று கொடு, வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். ஜன்னலை அவர் திறக்கட்டும். நீ இன்னொரு கம்பளி போட்டுக்கொள்.