ஒரே மாதிரி இரண்டு கிட்டார், விலை மட்டும் ஏன் இரட்டிப்பு?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கப் போனோம். கடையில் யமஹா எஃப்310, எஃப்ஜி800 இரண்டையும் காட்டினார்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. விலையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டுமே ஃபேக்டரியில் மெஷின் செய்ததுதானே, கூடுதல் பணம் எதற்கு?

பதில்: பெரும்பாலும் மேல்பலகைக்கு. அதாவது சவுண்ட் ஹோல் இருக்கும் முன்பக்கம். இரண்டிலும் ஸ்ப்ரூஸ் மரம்தான். ஆனால் எஃப்310-இல் இருப்பது மெல்லிய ஏடுகளை ஒட்டி அழுத்திய லேமினேட். எஃப்ஜி800-இல் முழு மரம். கடைக்காரர் ‘சாலிட் டாப்’ என்றிருப்பார்.

முழு மரம் என்றால் ஃபேக்டரியில் வேலை கூடும். ஒரே கட்டையில் அடுத்தடுத்து அறுத்த இரு பலகைகளை, மர ரேகைகள் இருபுறமும் ஒத்துவரும்படி விரித்து நடுவில் ஒட்டுவார்கள். அதற்குமுன் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பிறகு சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழைத்து, உள்பக்கம் எக்ஸ் வடிவில் மரச்சட்டங்களை ஒட்டுவார்கள். இதுதான் பிரேசிங். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1840-களிலேயே பயன்படுத்திய அமைப்பு இது. ஸ்டீல் தந்திகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். சட்டம் தடித்தால் பலகை தாங்கும், ஆனால் நாதம் அமுங்கிவிடும். மெலிந்தால் நாதம் திறக்கும், தந்திகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜ் கட்டைக்குப் பின்னால் பலகை உப்பிவிடும். எஃப்ஜி800-இல் இந்தச் சட்டங்களை ஆங்காங்கே குடைந்து மெலிதாக்கியிருப்பார்கள். லேமினேட்டுக்கு இவ்வளவு பாடு இல்லை. எளிதில் வெடிக்காது, வளையாது. ஆனால் முழு மரம் அளவுக்கு அதிராது.

பக்கப் பலகைகளை நனைத்து, சூடான அச்சில் அழுத்தினால் சில நிமிடங்களில் வளைந்துவிடும். இந்த விலையில் பக்கமும் முதுகும் லேமினேட்தான், இரண்டு மாடலிலும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

மெஷின் என்றால் மட்டம் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. நெக், அதாவது தந்திகள் ஓடும் நீண்ட கழுத்து விஷயத்தில் அது தப்பு. அதன் குறுக்கே ஃபிரெட் என்ற உலோகக் கம்பிகளைப் பதிக்கும் பள்ளம் துளி நகர்ந்தாலும் சுருதி விலகும். கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டுமெஷின் அங்கே கையைவிட நம்பகமானது. பல லட்சம் விலையுள்ள டெய்லர் நிறுவனக் கிட்டார்களின் நெக்கையும் அப்படித்தான் வெட்டுகிறார்கள். மலிவான கிட்டாரில் அவசரம் தெரிவது கடைசிக் கட்டத்தில்தான்: ஃபிரெட் முனைகளை உருட்டுவது, நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் ‘நட்’ துண்டைச் செதுக்குவது, தந்தி உயரத்தைச் சரிசெய்வது.

அதனால் மாடல் பெயரை மட்டும் நம்பாமல், கையில் கிடைக்கிற அந்த ஒரு கிட்டாரைப் பாருங்கள். நெக் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், ஃபிரெட் முனை குத்தக்கூடாது. 12-ஆவது ஃபிரெட்டுக்கு மேல் தடித்த தந்தி இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் நல்லது. நான்கைத் தொட்டால் பிள்ளையின் விரல் வலித்து ஆசையே போய்விடும். சவுண்ட் ஹோலின் விளிம்பையும் உற்றுப் பாருங்கள். மேலே தெரியும் ரேகை விளிம்பின் தடிமனிலும் தொடர்ந்து இறங்கினால் முழு மரம், அடுக்கடுக்காகத் தெரிந்தால் லேமினேட்.

என் யோசனை: மகள் ஏற்கெனவே கொஞ்சம் வாசிக்கிறாள், விடமாட்டாள் என்றால் எஃப்ஜி800. இப்போதுதான் வகுப்பில் சேர்கிறாள் என்றால் எஃப்310 போதும். மிச்சப் பணத்தில் கொஞ்சத்தைச் செலவழித்து, தெரிந்தவரிடம் தந்தி உயரம், நட் போன்றவற்றைச் சரிசெய்யும் ஒரு ‘செட்டப்’ செய்துவிடுங்கள்.

சாலிட் டாப் வாங்கினால் ஒரு பொறுப்பும் சேர்ந்து வரும். நல்ல ஃபேக்டரிகளில் காற்றின் ஈரப்பதத்தை 45–50 சதவீதத்தில் வைத்துத்தான் பலகையை ஒட்டுவார்கள். நம் ஊர் மழைக்காலத்தில் பலகை உப்பும், இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் சுருங்கும். வாசிக்காத நேரத்தில் உறைக்குள் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் எந்த கிட்டாரையும் விட்டுவராதீர்கள், பிரிட்ஜை ஒட்டிய பசையே இளகிவிடும்.