ஸ்பைருலினா வளர்க்கலாமா? முதலில் வாங்குபவரைப் பாருங்கள்

கேள்வி: தேவகோட்டை அருகே எங்களுக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலமும், சற்று உவர்ப்பான ஆழ்துளைக் கிணறும் இருக்கின்றன. பாசியிலிருந்து டீசல் எடுக்கலாம் என்று முன்பு படித்திருக்கிறேன். இப்போது அது நடக்காது என்கிறார்கள். இந்நிலையில் ஒரு நிறுவனம், "தொட்டி, தாய்ப்பாசி, பயிற்சி எல்லாம் தருகிறோம், விளையும் ஸ்பைருலினாவை (பொடியாக்கி உணவில் சேர்க்கும் சுருள்பாசியை) ஐந்து வருடத்துக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லி 12 லட்சம் ரூபாய் கேட்கிறது. இறங்கலாமா? பாசியில் வேறு என்ன தொழில் இருக்கிறது? (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: பாசித் தொழிலில் இறங்கலாம். அந்த 12 லட்சத்தை மட்டும் இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள்.

டீசல் ஏன் நடக்கவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தொழிலுக்கும் அதே கணக்குதான். நன்றாக விளைந்த குளத்தில்கூட ஒரு லிட்டர் நீரில் உலர் எடைக்கு ஒரு கிராம் பாசி கிடைத்தால் பெரிது. மீதியெல்லாம் தண்ணீர். அதை வடித்து, உலர்த்தி எடுக்கும் செலவை டீசலின் விலை தாங்காது. எக்ஸான் எண்ணெய் நிறுவனமே 2009-இல் 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக அறிவித்து இறங்கி, 2023-இல் விலகிக்கொண்டது. எரிபொருளை விட்டு வேறு பொருளுக்கு மாறினாலே பிழைத்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். பாசி எரிபொருளுக்குப் பேர்போன சோலாசைம் என்ற கலிபோர்னிய நிறுவனம் உணவு, அழகுசாதனப் பொருட்களின் பக்கம் திரும்பியது. 2016-இல் டெர்ராவியா என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே திவால்.

விலை உயர்ந்த பாசிப் பொருட்கள் உண்டு. ஆனால் பெரும்பாலானவை நம் கைக்கு எட்டாதவை. குழந்தைகளுக்கான பால்மாவில் சேர்க்கப்படும் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு நுண்ணுயிர்ப் பாசியிலிருந்து வருகிறது. அதை வெயிலில் வளர்ப்பதில்லை. எஃகுக் கலன்களில் சர்க்கரை ஊட்டிப் புளிக்கவைக்கிறார்கள். மருந்து ஆலை வைக்கும் அளவுக்கு முதலீடு கேட்கும் வேலை அது. சால்மன் மீனுக்குச் சிவப்பு நிறம் தரும் அஸ்டாசாந்தின், ஹெமடோகாக்கஸ் என்ற பாசியிலிருந்து கிடைக்கிறது. நன்னீரில் வளர்வதால் வேறு பாசிகளும் பூஞ்சையும் எளிதில் புகுந்துவிடும். முதல்முறை இறங்குபவருக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். பீட்டா கரோட்டின் தரும் துனலியெல்லா, உப்பளம் அளவுக்குக் கரிக்கும் நீரில் வளர்வது. உங்கள் கிணற்று உவர்ப்பு அதற்குப் போதாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அதைப் பரந்த உப்பு ஏரியிலேயே குளம் கட்டி வளர்க்கிறார்கள்.

ஆகவே, உங்களுக்குப் பொருந்துவது சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினாதான். காரத்தன்மை மிகுந்த நீரில், பிஎச் 9-க்கு மேல், வேறு பெரும்பாலான உயிர்கள் தாக்குப்பிடிக்காத இடத்தில் அது செழிக்கும். அதனால்தான் திறந்த தொட்டியிலேயே வளர்க்க முடிகிறது. 30 முதல் 35 டிகிரி வெப்பம் அதற்கு இதமானது. சிவகங்கையில் அதற்குப் பஞ்சமில்லை. புரதம் உலர் எடையில் 55 முதல் 70 சதவீதம். இவ்வளவும் உண்மை. நிறுவனத்தின் விளம்பரத் தாளிலும் இதெல்லாம் இருக்கும். அதில் இருக்க வாய்ப்பில்லாதவற்றை நான் சொல்கிறேன்.

500 சதுர மீட்டர் தொட்டி, 20 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். நீர் ஒரு லட்சம் லிட்டர். ஆய்வகச் சூத்திரப்படி லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது நாம் ஆப்பத்துக்குப் போடும் சோடா வேண்டும். பாதியளவில் ஓட்டினாலும் தொடக்கத்திலேயே 800 கிலோவுக்கு மேல் வாங்க வேண்டும். விளைச்சல்? திறந்த தொட்டியில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 8 கிராம் உலர் பாசி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 15 கிராம் என்று யாராவது காட்டினால், அது ஆண்டின் மிகச் சிறந்த வாரத்து எண். 6 கிராம் என்றால் தினம் 3 கிலோ. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி நீர்த்துப்போகும் நாட்களையும், பராமரிப்பு நாட்களையும் கழித்து 250 நாள் என்றால் ஆண்டுக்கு 750 கிலோ. இதில் மின்சாரம், சத்து உப்புகள், இரண்டு ஆள் கூலி, உலர்த்தும் செலவு எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். மொத்த விலைக்கு விற்றால் மிஞ்சுவது என்ன என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது உங்கள் கிணறு. உவர்ப்பு பெரிய தடையில்லை, கால்சியம்தான் தடை. கடின நீரில் சோடாவைக் கொட்டினால் கால்சியம் வெள்ளையாகப் படியும். நீங்கள் காசு கொடுத்துப் போட்ட பாஸ்பேட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்தப் படிவு பாசியோடு வடிகட்டியில் சேர்ந்தால் பொடியில் சாம்பல் (எரித்தால் மிஞ்சும் கனிமம்) அளவு கூடி, வாங்குபவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அறுவடை கையால் செய்யும் வேலை. வெள்ளைத் தட்டு பொருத்திய ஒரு குச்சியைத் தொட்டிக்குள் இறக்குவார்கள். இரண்டு மூன்று செ.மீ. ஆழத்திலேயே தட்டு கண்ணுக்கு மறைந்தால் பாசி அறுவடைக்குத் தயார். காலை வெயில் ஏறுமுன் நீரை மெல்லிய வலைத்துணியில் வடித்து, கிடைக்கும் கூழை அழுத்திப் பிழிந்து, இடியாப்பம் போல இழைகளாகப் பிழிந்து தட்டில் பரப்புவார்கள். 60 டிகிரிக்கு மேல் சூடேறாமல், அன்றைக்கே ஒடியும் பதத்துக்கு உலர வேண்டும். மூன்று கிலோ பொடிக்குப் பதினைந்து கிலோ அளவுக்கு ஈரக் கூழ் வரும். அது மாலைவரை காத்திருந்தால் நாற்றம் எடுத்துவிடும். தொட்டிக்குக் காட்டும் அக்கறையை உலர்த்தும் வேலைக்கும் காட்டாத பண்ணைகள்தான் அதிகம் தோற்கின்றன என்பது என் எண்ணம்.

இனி சந்தை. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் ஏக்கர் கணக்கில் ஸ்பைருலினா வளர்த்து ஏற்றுமதி செய்கிறது. ஆரோவில்லில் சிறிய அளவில் வளர்த்துத் தங்கள் பெயரிலேயே சில்லறையாக விற்கிறார்கள். இரண்டு வழியும் நடக்கிறது. முன்னவரிடம் அளவு இருக்கிறது. பின்னவருக்குச் சில்லறை விலை கிடைக்கிறது. உங்களிடம் வந்திருக்கும் திட்டமோ, சின்னப் பண்ணையில் விளைவித்துப் பெரிய பண்ணையின் மொத்த விலைக்கு விற்கச் சொல்கிறது. அதில் அடி வாங்குபவர் நடுவில் நிற்கும் விவசாயி. தொட்டி விற்ற காசு முதலிலேயே அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு உங்கள் பொடியை வாங்க அவர்களுக்கு என்ன அவசரம்?

ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிலோ விலை எழுதப்பட்டிருக்கிறதா, "சந்தை நிலவரப்படி" என்று இருக்கிறதா? தரம் குறைவு என்று தள்ளினால் அதைப் பரிசோதிப்பது யார், அவர்களா, பொது ஆய்வகமா? ஏற்கெனவே தொட்டி வாங்கிய நான்கு பேரின் முகவரியைக் கேளுங்கள். நிறுவனத்து ஆள் துணைக்கு வராமல் நீங்களே போய்ப் பாருங்கள். முக்கியமாக, அவர்கள் அந்தப் பொடியை யாருக்கு விற்கிறார்கள் என்று கேளுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

சொந்தப் பெயரில் விற்பதானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஈயம், ஆர்சனிக் முதலான கன உலோகங்கள், கிருமி எண்ணிக்கை, மைக்ரோசிஸ்டின் என்ற பாசி நச்சு ஆகியவற்றுக்கான ஆய்வறிக்கையும் கையில் இருக்க வேண்டும். சர்க்கரை நோய் தீரும் என்றெல்லாம் அட்டையில் அச்சடிக்காதீர்கள். சைவர்களுக்கு பி12 கிடைக்கும் என்பதும் வேண்டாம். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி பி12. ஒரு படி மேலே போக விரும்பினால் அதன் நீல நிறமியான பைகோசயனின் இருக்கிறது. செயற்கை நீலத்துக்கு மாற்றாக மிட்டாய், ஐஸ்கிரீம் தயாரிப்பாளர்கள் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் 2013-இல் மிட்டாய்க்கு அனுமதி கிடைத்தது. தூய்மைக் குறியீடு 0.7-ஐத் தொட்டால்தான் உணவுத் தரம். சூடு பட்டால் நிறம் போய்விடும் என்பதால் இதிலும் உலர்த்தும் கைப்பக்குவமே பேசும்.

கடற்பாசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ராமநாதபுரம் உங்களுக்குப் பக்கம்தானே. அங்கே பெண்கள் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுப்பது அகர் என்ற உறைபொருள் தயாரிக்க; கட்டக்கோரைப் பாசியை எடுப்பது ஆல்ஜினேட் என்ற கெட்டிப்படுத்தும் பொருளுக்கு. பாக் விரிகுடாப் பகுதியில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற கடற்பாசி, 45 நாளில் அறுவடைக்கு வரும். 2000-க்குப் பிறகு பெப்சிகோ அங்கே ஒப்பந்த முறையில் இதை வளர்க்கச் செய்தது. 2008-இல் அது அக்வாஅக்ரி நிறுவனத்தின் கைக்கு மாறியது. புதிய பாசியைப் பிழிந்தால் வரும் சாறு பயிர் ஊக்கி, சக்கையில் கராஜினன் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் என ஒரே பாசியில் இரண்டு விற்பனை. ஆனாலும் கடல் சூடேறியபோது பாசி கூட்டமாக அழிந்து, பல குடும்பங்கள் விட்டுவிட்டன. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இதே பாசி பவளப்பாறை மீது படர்ந்ததும் நினைவில் இருக்க வேண்டும். நீங்கள் கடலில் இறங்கப்போவதில்லை. சாற்றை வாங்கிப் புட்டியில் அடைத்து விற்கலாம் என்று தோன்றினால், 2021 முதல் பயிர் ஊக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்துவிட்டன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவில்லாமல் விற்க முடியாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 20 சதுர மீட்டரில் ஒரு தார்ப்பாய்த் தொட்டி போட்டு, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓட்டிப் பார்ப்பேன். கிடைக்கும் பொடியைக் காரைக்குடி, மதுரையில் இயற்கை அங்காடிகளுக்கும் வண்ணமீன் தீவனக் கடைகளுக்கும் கொண்டுபோய், என்ன விலைக்கு, மாதம் எத்தனை கிலோ எடுப்பார்கள் என்று எழுதி வாங்குவேன். அதற்கும் முன்னால் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். கால்சியம், மெக்னீசியம், ஆர்சனிக், ஈயம் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள். தொட்டியின் அளவை அதற்குப் பிறகு பேசுவோம்.