வூஸ்டரில் இலவசப் பேருந்து நிலைக்குமா?

கேள்வி: மாசசூசெட்ஸில், வூஸ்டருக்குப் பக்கத்து டவுனில் குடியிருக்கிறோம். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கட்டணமில்லாப் பேருந்தில்தான் கடைக்கும் கிளினிக்குக்கும் போய்வருகிறார். இது நின்றுவிடுமா? எங்கள் தெருப்பக்கமும் பேருந்து வர யாரைக் கேட்பது?

பதில்: வூஸ்டர் பேருந்துகளில் 2020 மார்ச் முதல் கட்டணம் இல்லை. ஆனால் இதை நிரந்தரமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆண்டுதோறும் பணம் கிடைத்தால்தான் இலவசம் தொடரும்.

பாஸ்டன் பகுதிக்கான போக்குவரத்து ஆணையமான எம்பிடிஏவுக்கு மாநில விற்பனை வரியில் ஒரு பங்கு சட்டப்படியே போய்ச் சேர்கிறது. அதற்கு வெளியே, வூஸ்டர் உட்பட 15 வட்டாரப் போக்குவரத்து ஆணையங்கள் உண்டு. அவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் மாநிலத்தின் கையை எதிர்பார்த்து நிற்கின்றன. முன்பெல்லாம் இன்னும் மோசம். ஆண்டு முடிந்த பிறகுதான் மாநிலப் பணம் வரும். அதுவரை கடன் வாங்கி, வட்டியும் கட்டிப் பேருந்து ஓட்டினார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த வழக்கத்தை மாற்றியது.

2022 நவம்பர் வாக்கெடுப்பில், பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 4% கூடுதல் வரி நிறைவேறியது. அது கல்விக்கும் போக்குவரத்துக்கும் உரியது. கட்டணமில்லாப் பயணத்துக்கான மாநில மானியம் இப்போது இதிலிருந்து வருகிறது. ஆனால் அந்த இரண்டுக்குள் எதற்கு எவ்வளவு என்பதைச் சட்டமன்றம் ஆண்டுதோறும் தீர்மானிக்கும். ஓட்டுநரைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கவே மாதங்கள் ஆகும் ஒரு தொழிலை ஓராண்டு மானியத்தை நம்பி நடத்தச் சொல்வது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

பேருந்துச் செலவுக்காக உங்கள் டவுனும் ஆணையத்துக்குப் பங்கு கட்டுகிறது. மாநிலம் டவுனுக்குத் தரும் உதவித்தொகையிலேயே அதைப் பிடித்துக்கொள்வதால் பலருக்கு இது தெரிவதில்லை. டவுன்களின் மொத்தப் பங்கு ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது. புதிய சேவைக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் இரண்டாவது கேள்விக்கு வழி அங்கேதான் இருக்கிறது.

ஓட்டுநரிடமோ பேருந்தை இயக்கும் நிறுவனத்திடமோ கேட்டுப் பயனில்லை. ஆணையம் தானே பேருந்து ஓட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஒப்பந்த நிறுவனம்தான் ஓட்டுகிறது. ஆணையத்தின் பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது அதன் ஆலோசனைக் குழு. அதில் ஒவ்வொரு டவுனுக்கும் ஒரு பிரதிநிதி உண்டு, கட்டும் பங்குக்கேற்ப வாக்கு பலமும் கூடும். உங்கள் டவுனை நிர்வகிக்கும், தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவான செலக்ட் போர்டிடம் அந்தப் பிரதிநிதி யாரென்று கேளுங்கள். எந்தத் தெரு, எந்த நேரம், கார் ஓட்டாத முதியவர்கள் எத்தனை வீடுகளில் என்று எழுதி, அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுங்கள்.

இலவசம் தொடர வேண்டுமென்பதை உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கினாலும், ஆளுநரின் பட்ஜெட் பொதுவாக ஜனவரியிலும் கீழவையின் வரைவு ஏப்ரலிலும் வந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் போகும் கடிதம்தான் வேலைக்கு ஆகும்.