கொழுந்தனார் குடும்பத்துக்கும் சேர்த்துக் கடன் வாங்கி அங்கோர் வாட் போகலாமா?

கேள்வி: இருபது வருடமாகப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். கம்போடியா போய் அங்கோர் வாட் கோயிலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். எனக்கும் கணவருக்கும் 1.8 லட்சம் ஆகும். ஆர்.டி.யில் 1.2 லட்சம் இருக்கிறது. கொழுந்தனார் குடும்பத்தில் மூன்று பேரும் வருகிறார்கள். அவர்கள் பங்கு 2.4 லட்சத்தை "போய்வந்து தருகிறோம்" என்கிறார்கள். மே விடுமுறையில் கிளம்ப, என் பெயரில் 3 லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமா? ஸ்கூட்டர் வாங்கக் கொழுந்தனாருக்குக் கொடுத்த 80,000 இன்னும் வரவில்லை, கேட்கவும் சங்கடம்.

பதில்: எடுக்காதீர்கள், சகோதரி. எந்த வங்கியில் வட்டி குறைவு என்று தேடவே வேண்டாம். என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான். 80,000 திரும்பி வராத இடத்துக்கே இன்னொரு 2.4 லட்சத்தையும் கொடுக்கப் பார்க்கிறீர்கள், அதுவும் உங்கள் கையெழுத்தில். அவர் தந்தாலும் தராவிட்டாலும் தவணை உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும்.

3 லட்சம், 14% வட்டி, மூன்று வருடம் என்றால் தவணை சுமார் 10,250. கட்டி முடிக்கும்போது 3.69 லட்சம். பிராசஸிங் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் தனி. உங்கள் இருவர் கணக்கை மட்டும் பாருங்கள்: துண்டு விழுவது 60,000தான். அந்த 10,250-ஐ ஆறு மாதம் ஆர்.டி.யில் போட்டாலே சரியாகிவிடும். 36 மாதம் கட்டத் தயாரான உங்களால் ஆறு மாதம் சேர்க்க முடியாதா?

பயணத்தை அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே வெயில் கொளுத்தும்; டிசம்பரில் மழையும் இருக்காது, நடக்கவும் இதமாக இருக்கும். டிசம்பர் கடைசியில் விமானக் கட்டணம் ஏறும் என்பதால், கையிலுள்ள பணத்தில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

"இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்", வட்டியில்லாத் தவணை என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். அந்த வட்டி கட்டணத்திலோ பேக்கேஜ் விலையிலோ ஒளிந்திருக்கும். பேக்கேஜ் எடுத்தால் அங்கோர் நுழைவுச்சீட்டு எத்தனை நாளுக்கு என்று முதலில் கேளுங்கள். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. பாற்கடல் கடையும் சிற்பத்தின் முன் நிற்கவே உங்களுக்கு அரை நாள் வேண்டும். பேயோன், தா புரோம், 967-ல் எழுந்த பந்தே ஸ்ரீ ஆகிய கோயில்கள் எல்லாம் ஒரே நாளில் அடங்காது. மூன்று நாள் சீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அங்கே கார்டு தேய்க்கும்போது ரூபாயா டாலரா என்று கேட்டால் டாலர் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள்.

கொழுந்தனாரிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். "டிக்கெட் போடும் நாளுக்குள் உங்கள் பங்கைக் கொடுத்துவிடு, சேர்ந்தே போவோம்" என்றால் போதும், அதில் மனவருத்தத்துக்கு இடமில்லை. அப்படியே அந்த 80,000-ஐயும் பேசி முடிக்கச் சொல்லுங்கள். மாதம் 5,000 தந்தால்கூட 16 மாதத்தில் வந்துவிடும்.